லீவு நாளில் வரும் கோல்

போன மாதம் ஹட்டனிலிருந்து கொழும்பு பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டில் இருந்தவர் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் எங்கேயோ விமானிகள் வேலைநிறுத்தத்துக்கு வாக்களித்திருக்கிறார்களாம். "மாசம் லட்சக்கணக்குல வாங்குறவனுக்கு இன்னும் என்ன குறைச்சலாம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கினிகத்தேனை வளைவுகளில் எனக்கு வாயைத் திறந்தாலே குமட்டும், அதனால் சிரித்து வைத்தேன். ஆரம்பித்திருந்தால் அவிசாவளை வரைக்கும் அந்த மனுசனை விட்டிருக்கமாட்டேன். அவர் தப்பித்தார், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

நான் விமானி இல்லை. ஒன்பது வருஷம் ஒரு விமான நிறுவனத்தில் ரோஸ்டர் மேசையில் இருந்தேன். எந்த நிறுவனம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம், அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ரோஸ்டர் மேசை என்றால் என்ன என்று எங்கள் லயத்தில் எல்லோரும் கேட்பார்கள். காலையில் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் கங்காணி நின்றுகொண்டு யார் எந்த மலைக்குப் போவது என்று பிரித்து அனுப்புவாரே, கிட்டத்தட்ட அதே வேலைதான், விமானிகளுக்கு, கம்ப்யூட்டரில், ஏசி அறையில் இருந்து. இப்படிச் சொன்னதும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்கும் புரிந்தது, ஆனால் அவருக்குப் பிடிக்கவில்லை. நோர்வுட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் தொழிற்சங்கத் தலவராக இருந்தவர் அவர். மகன் கங்காணி ஆகிவிட்டான் என்று சொல்லிச் சொல்லியே சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் முள் இருக்கும்.

சரி, வேலைக்கு வருகிறேன். விமானி எத்தனை மணி நேரம் பறக்கலாம் என்பதற்குச் சட்டம் இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் 28 நாளில் 100 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வருடத்துக்கு 900 அல்லது 1000 மணி. "மாசத்துக்கு நூறு மணி நேரம்தானா, நான் ஒரு வாரத்துல அதுக்குக் கிட்ட வேலை செய்றேன்" என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நூறு மணி, விமானம் நிறுத்திய இடத்திலிருந்து நகர்ந்தது முதல் போய்ச் சேர்ந்து நிற்கும் வரைக்குமான கணக்கு. அதற்கு முன்னால் வந்து பேப்பர் பார்ப்பது, எரிபொருள் கணக்கு, மழைக்குக் காத்திருப்பது, அடுத்த விமானம் வரும்வரை ஊர் பேர் தெரியாத விமான நிலையத்தில் குந்திக்கொண்டிருப்பது எதுவும் அதில் சேராது. சேவைநேரம் என்று அதற்கு வேறு வரம்பு இருக்கிறது, ஆனால் நிறைய நிறுவனங்களில் பறப்புப்படி என்கிற கூடுதல் காசு பறந்த மணிக்குத்தான். அம்மா மலைக்கு ஏறும் முக்கால் மணி நேரமும், தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் அரை மணி நேரமும் யாருடைய கொப்பியிலும் விழாமல் கொழுந்தின் கிலோ மட்டும் விழுந்தது எனக்கு இந்த இடத்தில்தான் ஞாபகம் வரும்.

ஒரு நிறுவனத்தில் தேவையான அளவு விமானிகள் ஒருபோதும் இருக்கமாட்டார்கள். ஒரு விமானியை ஒரு வகை விமானத்திலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றவே மாதக்கணக்கில் பயிற்சி, சிமுலேட்டர், பெருஞ்செலவு. அதனால் நிர்வாகம் எப்போதும் இழுத்துப்பிடித்துத்தான் ஆள் வைத்திருக்கும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், ஒரு விமானம் தாமதமானால், பட்டியல் கிழிந்துவிடும். ஸ்டான்ட்பை என்று வீட்டில் தயாராக இருக்கும் நாலு பேர் முதல் இரண்டு மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுவார்கள். அப்புறம்தான் என்னுடைய உண்மையான வேலை ஆரம்பிக்கும், லீவில் இருப்பவர்களுக்குப் போன் கோல் எடுப்பது.

லீவு நாளில் போனைத் தூக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் தூக்குவார்கள். அதிகாலை இரண்டே முக்காலுக்கு நான் எடுப்பேன், மூன்றாவது மணியோசையிலேயே எடுத்துவிடுவார் ஒரு கேப்டன். நம் நாட்டுக்காரர், காலி ஊர்ப் பக்கம். என்னை "மல்லி" என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் தம்பி. "மல்லி, எத்தனை மணிக்கு?" என்பதுதான் முதல் வார்த்தை, ஏன் எதற்கு என்று கேட்டதில்லை. இப்படி வரும் ஆட்களை வைத்துத்தான் அந்த நிறுவனம் ஓடியது. மேலிடத்துக்கு இது தெரியுமா என்று கேட்டால், தெரியும், ஆனால் வேறு மாதிரி தெரியும். நேரத்துக்குப் புறப்பட்ட விமானங்களின் சதவீதமாகத் தெரியும். அந்த இரண்டே முக்கால் மணிக் கோல் எந்த அறிக்கையிலும் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய விதிகளிலும் அவற்றைப் பார்த்து எழுதிய மற்ற விதிகளிலும் கேப்டனுக்கு ஒரு அதிகாரம் உண்டு. எதிர்பாராத தாமதம் வந்தால், தன் ஆட்கள் தெம்பாக இருக்கிறார்கள் என்று அவர் நினைத்தால், சேவைநேரத்தை இரண்டு மணி வரை நீட்டிக்கலாம். அவர் நினைத்தால் மட்டும். விதியில் அது கேப்டனுடைய விருப்பம், எங்கள் திட்டமிடும் அறையில் அது முன்கூட்டியே செலவழித்துவிட்ட இரண்டு மணி நேரம். பிறகு எங்கள் நிறுவனத்தில் ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் பிணக்கு வெடித்தபோது விமானிகள் முதலில் கொண்டுவந்து மேசையில் வைத்தது சம்பளத்தை அல்ல, இதைத்தான். பத்திரிகைகளுக்குப் போனது என்னவோ சம்பளச் சதவீதம் மட்டும்.

அந்தப் பிணக்கு எப்படி ஆரம்பித்தது என்று இப்போது யோசித்தால், பெரிதாக ஒன்றுமே இல்லை. ஒப்பந்தம் முடிந்து பதினான்கு மாதம் ஆகிவிட்டது. கூட்டத்துக்குத் தேதி வைப்பார்கள், பட்ஜெட் முடியட்டும் என்பார்கள், போர்டு கூட வேண்டும் என்பார்கள், எரிபொருள் விலை இறங்கட்டும் என்பார்கள். பழைய ஒப்பந்தத்தின் சம்பளத்திலேயே விமானம் பறந்துகொண்டிருக்கும்போது நிர்வாகத்துக்கு என்ன அவசரம்? அமெரிக்காவில் இதற்குச் சட்டமே வழிசெய்து வைத்திருக்கிறது. 1926ல் ரயில்வேக்கு எழுதிய சட்டம் 1936ல் விமானங்களுக்கும் வந்தது. அதன்படி ஒப்பந்தம் காலாவதியே ஆகாது, திருத்தலாம் என்ற நிலைக்கு வரும், அவ்வளவுதான். மத்தியஸ்தர்கள் விட்டுவிட்டோம் என்று சொன்ன பிறகும் 30 நாள் பொறுத்துத்தான் வேலைநிறுத்தம். டெல்டா விமானிகளின் ஒப்பந்தம் 2019 கடைசியில் திருத்தத்துக்கு வந்தது, நடுவில் கொரோனா புகுந்தது, கையெழுத்தானது 2023 மார்ச்சில், நாலு வருடத்துக்கு மொத்தம் 34 சதவீத உயர்வு. தொகை பெரிது, காத்திருப்பும் பெரிது.

மலையகத்தில் பிறந்தவனுக்கு இந்த இழுத்தடிப்பை யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத் தொழிலாளர்களின் கூட்டு ஒப்பந்தம் 2015 மார்ச்சோடு முடிந்தது, புதியது கையெழுத்தானது 2016 அக்டோபரில். நாள் சம்பளமாக ஆயிரம் ரூபா கேட்ட இடத்தில் கிடைத்தது 730. அதிலும் அடிப்படைச் சம்பளம் 500தான். மிச்சம் வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலைக்கான கொடுப்பனவு 30 என்று பிய்த்துப் பிய்த்துச் சேர்த்தது. நடுவில் போன பதினெட்டு மாத நிலுவையைப் பற்றிப் பேசினால் அப்பா இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுவார்.

அப்போது, 2015 ஜூலையில், தோட்டங்களில் மெதுவாக வேலை செய்யும் போராட்டம் நடந்தது. வேலைக்குப் போவார்கள், வரவுக்குப் பேரும் விழும், ஆனால் கொழுந்து கொஞ்சமாகத்தான் வரும். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. கை தானாகப் போகுமாம், மடக்கி வைக்க வேண்டியிருந்ததாம். ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ என்ற நோமை, அதாவது கட்டாய அளவைத் தாண்டி இருபத்தாறு முப்பது என்று எடுத்துப் பழகிய கை. "கொழுந்து முத்திப் போகுதே, பாத்துக்கிட்டு சும்மா நிக்கிறதா" என்று என்னிடம் போனில் புலம்பினாள். தோட்டத்தின் மீது அவளுக்கு எந்தப் பிரியமும் கிடையாது. ஆனால் அந்தச் செடி மீது இருந்தது.

சில வருடம் கழித்து எங்கள் விமானிகளும் அதையே செய்தார்கள். வேலைநிறுத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விதிப்படி மட்டும் வேலை செய்வோம் என்றார்கள். சரியான நேரத்துக்கு வருவார்கள், ஒரு நிமிடம் முன்னால் இல்லை. கபினில் ஒரு விளக்கு எரியவில்லை என்றால்கூட முறைப்படி எழுதிவைப்பார்கள், எழுதினால் பொறியியலாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை விமானம் நிற்கும். சேவைநேரத்தை நீட்டிக்கமாட்டார்கள். லீவில் போன் எடுக்கமாட்டார்கள். யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை. பத்தே நாளில் பட்டியல் நொறுங்கியது.

போன் எடுத்த சிலரும் இருந்தார்கள், அது இன்னும் மோசம். மது அருந்தியவர் விமானத்தைத் தொடக்கூடாது. குடித்ததற்கும் வேலைக்கும் இடையில் குறைந்தது எட்டு மணி நேரம் என்பது பழைய விதி, இன்னும் கடுமையாக வைத்திருக்கும் இடங்களும் உண்டு. ஆகவே லீவு நாளில் கோல் வந்தால் சொல்ல வேண்டியது ஒரே வரி, "சொரி, இப்போதுதான் ஒரு பியர் குடித்தேன்." அதற்கு மேல் நான் ஒன்றும் பேச முடியாது. அந்த வாரங்களில் அதிகாலை மூன்று மணிக்கு அந்த ஊரில் இருந்த விமானிகள் எல்லோரும் பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கடைசி நம்பிக்கையாகக் காலிக் கேப்டனுக்கு எடுத்தேன். அவர் போயா என்கிற பௌர்ணமி நாளில் சில் எடுத்து விரதம் இருக்கும் பௌத்தர், வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆறேழு முறை மணி அடித்த பிறகு எடுத்தார். கொஞ்ச நேரம் மௌனம். "மல்லி," என்றார், "நான் பியர் குடித்திருக்கிறேன்." குரலில் தூக்கக் கலக்கம்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்திருக்க வேண்டும், ஆனால் இரண்டு பேரும் சிரிக்கவில்லை. 186 பேர் டிக்கட் எடுத்திருந்த விமானம் அது. விடிய விடிய கவுண்டரில் நின்ற பெண்பிள்ளைகள்தான் ஏச்சு வாங்கினார்கள்.

அந்தப் பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நானும் இதோ ஒரு வரியில் தாண்டிப் போகிறேன்.

அந்த வாரம் அப்பாவோடு பேசினேன். பைலட்மார் சண்டை என்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ யாரு பக்கம்?" என்றார். நான் சம்பளம் வாங்குபவன், யார் பக்கமும் இல்லை என்றேன். "கணக்குப்பிள்ளையும் அப்படித்தான் சொல்லுவாரு" என்றார். அப்புறம் கொஞ்சம் இறங்கிவந்து சொன்ன விஷயம்தான் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை. தலவராக இருந்த காலம் முழுக்க அவர் தோட்டத்துத் துரையிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசியதே இல்லையாம். "சம்பளத்த கொழும்புல பேசிக்குவாங்க. நமக்கு அதுல கை எட்டாது. நான் பேசுனது பூரா தராசப் பத்தித்தான்." சாக்குக் கழிவு, தண்ணிக் கழிவு என்று ஒவ்வொரு நிறுவைக்கும் இரண்டு மூன்று கிலோ கழித்துவிடுவார்கள். காய்ந்த வெயில் நாளிலும் தண்ணிக் கழிவு. முப்பது ரூபா சம்பள உயர்வுக்கு மாதக்கணக்கில் கொழும்பில் மல்லுக்கட்டுவார்கள், அதைவிடக் கூடுதலாக இங்கே தராசில் போய்க்கொண்டிருக்கும். எந்த ஒப்பந்தத்திலும் அந்தத் தராசுக்கு ஒரு வரி கிடையாது.

விமானியையும் கொழுந்தெடுப்பவரையும் ஒரே தட்டில் வைக்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒரு கேப்டனின் ஒரு நாள் படிக்காசு அம்மாவின் மாதச் சம்பளத்தைவிட அதிகம், அது எனக்குத் தெரியாதா? ஆனால் இரண்டு பேரையும் இழுத்துப் பிடிக்கும் கயிறு ஒரே திரிப்பு. விமானிக்குச் சீனியோரிட்டி என்று ஒன்று உண்டு. எந்த விமானம், எந்த ரூட், எப்போது லீவு, எப்போது கேப்டன் பதவி என்பதை நிறைய நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்த தேதிதான் தீர்மானிக்கும். இருபது வருஷ அனுபவம் உள்ளவர் வேறு நிறுவனத்துக்குப் போனால் அங்கே பட்டியலில் கடைசி ஆள். அதனால் பிடிக்கவில்லை என்றால் போய்விட வேண்டியதுதானே என்று சொல்வது லேசு. லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம் என்றிருக்கும் ஒருவரிடம் பிடிக்கவில்லை என்றால் போ என்று சொல்வது மாதிரி. 2022ல் ரூபா சரிந்தபோது நம் நாட்டு விமானிகள் பலர் அதையும் பொறுத்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போனார்கள் என்றால், இங்கே நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போராடினால் எப்போதும் ஜெயிப்பார்கள் என்றும் இல்லை. 1989 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய உள்நாட்டு விமானிகள் 29.47 சதவீத உயர்வு கேட்டார்கள். அந்த 0.47 எப்போது படித்தாலும் எனக்குச் சிரிப்பு வரும், யாரோ கல்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கிறார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை மட்டும்தான் பறப்போம் என்றார்கள். நிறுவனங்கள் வழக்குப் போடக் கிளம்பியதும், தனித்தனியாக நட்டஈடு கட்டுவதிலிருந்து தப்ப 1,600க்கும் மேற்பட்டவர்கள் கூட்டாக ராஜினாமா கொடுத்தார்கள். பிரதமர் பொப் ஹோக் விமானப்படை விமானங்களை இறக்கிப் பயணிகளை ஏற்றினார், வெளிநாட்டு விமானிகளும் வந்தார்கள். ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர்களில் நிறையப் பேர் பழைய வேலைக்குத் திரும்பவே இல்லை. ஹோக் அதற்கு முன்னால் அந்த நாட்டின் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கே தலைவராக இருந்தவர். சங்கத் தலைவரே அரசாங்கமாகவும் இருக்கும் கூத்தை மலையகத்துக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரிட்டிஷ் எயார்வேஸ் கதை வேறு. 2019 செப்டம்பர் 9, 10 இரண்டு நாளும் அந்த நிறுவன வரலாற்றிலேயே முதல்முறையாக விமானிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள், கிட்டத்தட்ட எல்லா விமானமும் நின்றது. மூன்று வருடத்தில் 11.5 சதவீதம் தருகிறோம் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. பஸ்ஸில் வந்தவர் கேட்டிருந்தால் இன்னும் என்ன வேண்டுமாம் என்றிருப்பார். கஷ்ட காலத்தில் எங்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்தோம், இப்போது லாபம் வருகிறது, அதில் பங்கு வேண்டும் என்பதுதான் அவர்கள் கேட்டது. 730 ரூபாவுக்குள் ஒளிந்திருந்த அந்த 30 ரூபா விலைக் கொடுப்பனவை நினைத்துக்கொண்டேன். பங்கு என்ற யோசனை இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது, அளவுதான் வேறு.

நிர்வாகத்துக்கும் நியாயம் இல்லாமல் இல்லை. விமான வாடகை டொலரில், எரிபொருள் டொலரில், டிக்கட் உள்ளூர்க் காசில். ஒரு விமானம் ஒரு நாள் தரையில் நின்றால் எவ்வளவு போகிறது என்று எங்கள் நிதி ஆள் ஒருநாள் கணக்குப் போட்டுக் காட்டினார், எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் அதே ஆளிடம் ஓய்வுநேரத்தைக் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டால் அதற்கும் ஒரு தொகை வைத்திருப்பார், கூட்டாவிட்டால் எவ்வளவு என்றால் அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கும். இந்தியாவில் 2025 டிசம்பரில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கி, இரவில் இறங்கும் எண்ணிக்கையைக் குறைத்து விதி வரப்போகிறது என்று வெகு முன்பே தெரியும். இருந்தும் இண்டிகோ அதற்குப் போதுமான ஆள் வைத்திருக்கவில்லை. ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேல் விமானங்கள் ரத்து. கடைசியில் இறங்கிவந்தது விதிதான், தற்காலிகமாகத் தளர்த்திவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விமானம் என்றாலே முதலில் ஞாபகம் வருவது 1974 டிசம்பர் 4. ஹஜ்ஜுக்குப் போன இந்தோனேசியர்களை ஏற்றி வந்த டிசி-8 விமானம் கொழும்பில் இறங்க வருவதாக நினைத்து மஸ்கெலியாவில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. களைப்பால் நடந்தது என்று நான் சொல்லவரவில்லை, தாங்கள் எங்கே இருக்கிறோம் என்ற கணக்குத் தவறியதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. சின்ன வயதில் அந்த மலையைக் காட்டித்தான் பாட்டி எங்களைப் பயமுறுத்துவாள். ரோஸ்டர் மேசையில் ஒருவருடைய தூக்கத்திலிருந்து இரண்டு மணி நேரத்தை வெட்டி இன்னொரு இடத்தில் ஒட்டும்போது, சில இரவுகளில் அந்த மலை எனக்குத் திரையில் தெரியும்.

பேச்சுவார்த்தை கடைசியில் ஒரு ஹோட்டல் அறையில் நடந்தது. என்னையும் கூப்பிட்டார்கள், பேச அல்ல, பேப்பர் தூக்க. மூன்று மாதத்தில் லீவு நாளில் எடுத்த கோல்களின் பட்டியலை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன், பதினொரு பக்கம். எங்கள் இயக்குநர் அதைப் புரட்டிப் பார்த்தபோது அவர் முகத்தைக் கவனித்தேன். நடிப்பில்லை, உண்மையிலேயே திகைத்துப்போனார். "இவ்வளவுமா?" என்று என்னிடம்தான் கேட்டார். எதிர்ப்பக்கம் இருந்த விமானிகள் சங்கத்து ஆள், "எங்கள் பட்டியல் பதின்மூன்று பக்கம்" என்றார். இரண்டு பக்கம் எங்கே போனது என்பதில் ஒரு மணி நேரம் சண்டை. சம்பளம் அன்று பின்னேரமே முடிந்துவிட்டது, கேட்டதற்கும் கொடுக்க நினைத்ததற்கும் நடுவில், எல்லோரும் முன்பே மனதில் வைத்திருந்த இடத்தில். லீவு நாள் கோலுக்கான அந்தப் பிரிவை எழுதி முடிக்க மேலும் நான்கு நாள் ஆனது. எத்தனை மணிக்குள் எடுக்கலாம், ஒத்துக்கொண்டால் எவ்வளவு, மறுத்தால் எந்தக் கோப்பிலும் குறிக்கக்கூடாது, ஒத்துக்கொண்ட நாளுக்குப் பதில் லீவு எத்தனை நாளுக்குள், எல்லாம் எழுத்தில் வந்தது. நல்ல பிரிவு. நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

கையெழுத்தாகி ஒன்பதாவது நாள் அதிகாலை ஸ்டான்ட்பை தீர்ந்துபோனது. காலிக் கேப்டன் லீவில் இருந்தார். எடுத்தேன். மூன்றாவது மணியோசையிலேயே எடுத்துவிட்டார், பழையபடி. நான் விமானத்தையும் நேரத்தையும் சொன்னேன்.

"புதிய பிரிவின்படிதானே?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, வருகிறேன்" என்றார். நான் நன்றி சொல்லி வைக்கப்போகும்போது, "கோல் எடுத்த நேரத்தைக் குறித்துக்கொண்டீர்களா?" என்று கேட்டார். இரண்டு ஐம்பத்திரண்டு என்றேன். தன்னிடமும் அதேதான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தார். மல்லி என்று கூப்பிடவில்லை.